நன்றி சொல்லக்கூடக் காசு வேண்டுமா?

கேள்வி, ஜனவரி 9

எங்களுடையது மிகச் சிறிய அமைப்பு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறோம். ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. சம்பளத்துக்கு ஆள் கிடையாது, எல்லோரும் தன்னார்வலர்கள். இதுவரை 140 பேர் நன்கொடை கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் ஒரு தடவை கொடுத்ததோடு சரி. பெரிய அமைப்புகள் விழா நடத்துகின்றன, டைரி அனுப்புகின்றன, இதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. எங்களிடம் அதற்கெல்லாம் வழியில்லை. காசு இல்லாமல் நன்கொடையாளர்களோடு உறவை வளர்க்க முடியுமா, இல்லை இது பணம் உள்ள இடங்களுக்கு மட்டும் ஆகிற காரியமா?

ஜனவரி 9, இரவு

முடியும். பதினோரு வருடமாக நாங்கள் ஒரு சின்ன வாசிப்பு அறையை நன்கொடையை வைத்தே ஓட்டுகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

டைரி, விழா எல்லாவற்றையும் ஒரு பக்கம் வையுங்கள். முதலில் ஒரு கணக்கு: முதல் வருடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடமும் கொடுத்தார்கள்? இந்த ஒரு எண் கையில் இல்லாமல் எதை வாங்கினாலும் அனுப்பினாலும் அது பலித்ததா என்று உங்களுக்கே தெரியாது. எண்ணைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிடும், அதற்கும் தயாராக இருங்கள். அமெரிக்காவில் ஏராளமான அமைப்புகளின் கணக்கைத் தொகுத்து வெளியிடும் ‘ஃபண்ட்ரெய்சிங் எஃபெக்டிவ்னஸ் பிராஜெக்ட்’ அறிக்கைகளில் ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் இதே கதைதான்: ஒரு வருடம் கொடுத்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அடுத்த வருடம் கொடுக்கிறார்கள். முதல் முறையாகக் கொடுத்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஐந்தில் ஒருவர் போலத்தான் திரும்ப வருகிறார்கள். டைரி அனுப்புகிற இடங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அதனால் புதிய ஆளைத் தேடி ஓடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, கையில் இருக்கும் 140 பேரைக் கவனியுங்கள். எங்களிடம் இதற்கு இருக்கும் ஒரே கருவி ஒரு நோட்டு. யார், எப்போது, எதற்காகக் கொடுத்தார், கடைசியாகப் பேசியபோது என்ன சொன்னார். அவ்வளவுதான். 140 பேரையும் இந்த மாதத்துக்குள் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

ஜனவரி 10

ரசீதை மறந்துவிட்டேன். பணம் வந்து இரண்டு நாளுக்குள் ரசீது போய்விட வேண்டும். நன்றியை ரசீதிலேயே ஒட்டி அனுப்பாதீர்கள். ரசீது கணக்குக்காகப் போவது, நன்றி மனிதருக்காகப் போவது. இரண்டையும் ஒரே தாளில் அடைத்தால் படிப்பவர் தொகையைச் சரிபார்த்துவிட்டு மூடிவிடுவார்.

ஜனவரி 12

நோட்டில் என்ன எழுதுகிறோம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன், ஆளை மட்டும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டு.

நீளவாக்கில் கோடு போட்ட பழைய கணக்கு நோட்டு. ஒருவருக்கு ஒரு பக்கம். மேலே பெயர், அவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்பது (இந்த அம்மாவுக்கு ‘மேடம்’ பிடிக்காது, ‘டீச்சர்’ என்றால் பிடிக்கும்). அதன் கீழே தேதியும் தொகையும் ஒரு பத்தியில். வலது பக்கம் பேச்சு. “மாலையில் கூப்பிட வேண்டாம், ஆறு மணிக்கு மேல் காது மிஷினைக் கழற்றிவிடுவார்.” “அகராதி எல்லாம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.” “இருக்கிற ஒன்றின் அட்டை கிழிந்திருக்கிறது என்று சொன்னேன். சிரித்தார், அகராதி கிழிந்தால் நல்லதுதான் என்றார்.” கடைசி வரியில் சிவப்பு மையில்: “அகராதி பற்றி அடுத்த முறை சொல்லணும்.”

சிவப்பு மை வரிதான் முக்கியம். நாம் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் பாக்கி அது. அந்த வரி இல்லாத பக்கம் வெறும் வரவு செலவுப் பக்கம்.

இதையே எக்செல்லிலும் செய்யலாம், ஐந்து பத்தி போதும். எங்களில் பாதிப் பேருக்கு நோட்டுதான் கைக்கு வருகிறது, அதனால் நோட்டு. ஆனால் அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ஒருவருடைய காது மிஷின் விஷயம் மேசையில் திறந்து கிடக்கக் கூடாது.

ஜனவரி 13

9-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். 140 பேரையும் ஒரே மாதத்தில் கூப்பிடச் சொன்னேன். அது சரியான யோசனை இல்லை. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலே 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எடுக்காதவர்களைத் திரும்பக் கூப்பிடுவது, பேசியதை எழுதி வைப்பது எல்லாம் சேர்ந்தால் இரண்டு மடங்கு. வேலைக்குப் போய்விட்டு வந்து தொண்டு செய்கிறவர்களால் ஆகாது. மூன்றாவது வாரத்தில் அலுத்துப்போய் ஒப்புக்குப் பேச ஆரம்பிப்பார்கள், அது எதிர்முனைக்கு உடனே கேட்டுவிடும்.

வாரத்துக்கு 12 பேர். மூன்று தன்னார்வலர் இருந்தால் ஆளுக்கு நான்கு. மூன்று மாதத்தில் பட்டியல் முடிந்துவிடும். முதலில் யாரை என்றால், தொகையை வைத்து வரிசைப்படுத்தத் தோன்றும். நான் வேறு வரிசை சொல்வேன்: இரண்டு தடவைக்கு மேல் கொடுத்தவர்கள் முதலில், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும். அப்புறம் போன மூன்று மாதத்துக்குள் முதல் முறையாகக் கொடுத்தவர்கள். பெரிய தொகை ஒரே தடவை கொடுத்துவிட்டுப் போனவர் மூன்றாவதாக வரட்டும்.

ஜனவரி 17

“சின்னதாக ஏதாவது பரிசு அனுப்பினால் நல்லதுதானே” என்று ஒருவர் கேட்டிருந்தார். இதில் ஆராய்ச்சி இரண்டு பக்கமும் இழுக்கிறது, ஆனால் உற்றுப் பார்த்தால் முரண் இல்லை.

ஆர்மின் ஃபால்க் என்ற பொருளாதார அறிஞர் 2007-இல் வெளியிட்ட சோதனை ஒன்று. சுவிட்சர்லாந்தில் சுமார் 10,000 பேருக்கு நன்கொடை கேட்டுக் கடிதம் போனது. ஒரு பகுதியினருக்கு வெறும் கடிதம். இன்னொரு பகுதிக்குக் குழந்தைகள் வரைந்த படம் போட்ட ஓர் அஞ்சலட்டை, உறையோடு. மூன்றாம் பகுதிக்கு அதே போல நான்கு. ஒன்று பெற்றவர்களில் கொடுத்தோர் எண்ணிக்கை, வெறும் கடிதம் போனவர்களைவிட 17 சதவீதம் அதிகம். நான்கு பெற்றவர்களில் 75 சதவீதம் அதிகம்.

ஜார்ஜ் நியூமன், ஜெரமி ஷென் இருவரும் 2012-இல் வெளியிட்டது நேர் எதிர். “கொடுத்தால் இந்தப் பரிசு தருவோம்” என்று சொன்னபோது மக்கள் கொடுக்க முன்வந்த தொகை குறைந்தது.

முதலாவதில் எதையும் எதிர்பார்க்காமல் முன்னாலேயே கைக்கு வந்துவிடுகிறது, அதுவும் பிள்ளைகள் வரைந்தது. இரண்டாவதில் பரிசு ஒரு பேரமாகிவிடுகிறது. கொடுக்க நினைத்தவருக்கு ‘நான் இதற்காகவா கொடுக்கிறேன்’ என்று கூசுகிறது. நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் அனுபவம்: நான்காம் வருடம் வழவழ தாளில் காலண்டர் அடித்து எல்லோருக்கும் அனுப்பினோம். வந்த பதில்களில் மூன்று, சொல்லி வைத்தது போல ஒரே மாதிரி: “இந்தச் செலவில் புத்தகம் வாங்கியிருக்கலாமே.” அவர்கள் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார்கள். அதுதான் எனக்கு உறைத்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்தவர்கள். தாங்கள் கொடுத்த காசு காலண்டராகத் தங்களுக்கே திரும்பி வந்ததை அவர்களால் ஏற்க முடியவில்லை. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து பிள்ளைகளே அட்டை வெட்டி வரைகிறார்கள். எல்லோருக்கும் அனுப்ப முடியாது, வருடத்துக்கு 50 பேருக்குத்தான். முறை வைத்து அனுப்புகிறோம்.

ஜனவரி 19

வரையச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடித்த பிள்ளை வரையட்டும். படத்தின் பின்னால் பெயரோ ஊரோ போட வேண்டாம், வயது மட்டும் போதும்.

ஜனவரி 24

இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நடக்காமல் இருக்கட்டும்.

ஆறாவது வருடம், வருட முடிவுக் கடிதம். எக்செல் பட்டியலில் இருந்து பெயர், தொகை இரண்டையும் கடிதத்துக்குள் எடுக்கிற ஏற்பாடு. யாரோ பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டார்கள், தொகைப் பத்தி அப்படியே நின்றுவிட்டது. 62 கடிதங்கள் தப்பான தொகையோடு போய்ச் சேர்ந்தன. பத்து மடங்கு கொடுத்தவருக்குச் சில்லறைக்கான நன்றி, சின்னத் தொகை கொடுத்தவருக்குப் பெரிய தொகைக்கான நன்றி. ஒருவர் கொடுத்த தொகை இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டதா என்ற பயம் வேறு. நல்லவேளை, எந்தத் தொகை யாருடையது என்று கடிதத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று பேர் உட்கார்ந்து 62 பேருக்கும் கையால் எழுதினோம். நான்கே வரி. என்ன நடந்தது, தப்பு எங்களுடையது, உங்கள் சரியான தொகை இது, இனி அனுப்பும் முன் இரண்டு பேர் பார்ப்போம். காரணம் சொல்லி நீட்டவில்லை. அந்த வருடம் மற்ற எந்தக் கடிதத்துக்கும் வராத அளவு பதில் இதற்கு வந்தது. ஒரு பெரியவர் எங்கள் கையெழுத்தைப் பாராட்டி எழுதினார். இன்னொருவர், “யாரோ ஒரு இயந்திரம் அனுப்புகிறது என்று நினைத்திருந்தேன், இப்போதுதான் ஆட்கள் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது” என்று எழுதினார். அந்த வரியை இன்றும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறோம்.

அதிலிருந்து ஒரு வழக்கம்: எதை அனுப்பினாலும், அனுப்பும் முன் பட்டியலில் முதல், நடு, கடைசி என்று மூன்று பேரை எடுத்து ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிடுவது. ஐந்து நிமிட வேலை.

ஜனவரி 31

ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்: “கூப்பிடு கூப்பிடு என்கிறீர்களே, நன்றி சொல்லிக் கூப்பிடுவதால் ஒரு பயனும் இல்லை என்று ஆய்வே வந்திருக்கிறதே, பார்த்தீர்களா?”

பார்க்கவில்லை. இந்த ஒரு வாரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் பதில் தாமதம். அன்யா சமேக், சக் லாங்ஃபீல்ட் இருவரும் செய்தது, 2023-இல் ஒரு பொருளாதார ஆய்விதழில் வந்திருக்கிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நன்கொடையாளர்கள், ஆறு வருடம். குலுக்கல் முறையில் சிலருக்கு நன்றி சொல்லி அழைப்பு போகிறது, சிலருக்குப் போகவில்லை. அடுத்து யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்த்தால் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. இதில் இன்னொன்று: இந்தத் துறையில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். அழைப்பு நன்றாகவே பலன் தரும் என்றுதான் அவர்கள் கணித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். இவ்வளவு பெரிய சோதனைக்கு முன்னால் என் நோட்டு ஒன்றுமில்லை. எங்களிடம் தொடர்ந்து கொடுப்பவர்கள், நாங்கள் கூப்பிட்டதால் தொடர்கிறார்களா, இல்லை தொடரக்கூடியவர்கள்தான் நம்மோடு நன்றாகப் பேசுகிறார்களா? பதினோரு வருடத்தில் இதை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. பிரித்துப் பார்க்க 140 பேரும் போதாது, எங்கள் 300 பேரும் போதாது.

அதனால் 9-ஆம் தேதி நான் சொன்னதன் அழுத்தத்தை மாற்றுகிறேன். நன்றி சொல்வதற்காக மட்டும் கூப்பிட வேண்டாம். தன்னார்வலரின் மாலை நேரம் இலவசம் இல்லை. வெறும் நன்றிக்கு ஓர் அட்டையோ ஒரு செய்தியோ போதும்.

பிப்ரவரி 2

இரண்டு நாள் கழித்துத் திரும்ப வருகிறேன். முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தபோது, நான் நோட்டையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டது போலத் தெரிகிறது. அது சரியில்லை.

அந்த ஆய்வில் சோதித்தது நன்றி அழைப்பை. நாங்கள் செய்ததில் நன்றி முதல் அரை நிமிடம்தான். மீதி கேட்பது. ஏன் கொடுத்தீர்கள், எதில் உங்களுக்கு மனம் போகிறது, எங்களிடம் எது சரியாகப் படவில்லை. பணம் நின்றுபோனால் ஏன் நின்றது.

கடைசிக் கேள்விக்கு ஓர் உதாரணம். அகராதி டீச்சரைச் சொன்னேன் அல்லவா? மாதாமாதம் ஒரு சின்னத் தொகை அவர் கார்டிலிருந்து தானாக வரும். எட்டாவது வருடம் அது நின்றுவிட்டது. ஐந்து மாதம் எங்களில் யாரும் கவனிக்கவில்லை. தொகை சின்னது, மொத்தக் கணக்கில் அது இல்லாதது தெரியவே தெரியாது. நோட்டைப் புரட்டும்போதுதான் தேதிப் பத்தி பாதியில் நிற்பது கண்ணில் பட்டது. ‘வயதாகிவிட்டது, நிறுத்தியிருப்பார், தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று சொன்னவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கூடவே உட்கார்ந்திருந்த இளம் தன்னார்வலர் ஒருவர் கேட்காமல் எண்ணை அழுத்திவிட்டார். டீச்சர் எடுத்தார். சொன்னது இது: “நான் மாதாமாதம் போகிறதென்று நினைத்துக்கொண்டிருக்கிறேனே. போகவில்லையா?” கார்டின் காலம் முடிந்திருக்கிறது, வங்கி புதுக் கார்டு கொடுத்திருக்கிறது, பழைய எண்ணில் போட்டு வைத்த ஏற்பாடு தானாக நின்றுவிட்டது. அவர் ஐந்து மாதமாகக் கொடுத்துக்கொண்டிருப்பதாக நம்பியிருக்கிறார். நாங்கள் ஐந்து மாதமாக அவர் விலகிவிட்டதாகக்கூட நினைக்கவில்லை, அவரை நினைக்கவே இல்லை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இது தனி ஒருவருக்கு நடப்பதல்ல. மாதச் சந்தா போல நன்கொடை வாங்கும் எல்லா இடத்திலும் கார்டு காலாவதியாவதால் சத்தமில்லாமல் ஆட்கள் கழன்றுபோகிறார்கள். அவர்களுக்கு நம்மேல் வருத்தம் எதுவும் இல்லை, நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். இதைப் பிடிக்க மென்பொருள் வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து போன மாதம் வந்து இந்த மாதம் வராதவர்கள் பட்டியலை எடுத்தால் போதும். கார்டு முடியும் மாதம் தெரிந்தால் நோட்டில் குறித்து வைத்து முன்மாதமே ஒரு வரி அனுப்பலாம். (கார்டு எண்ணை எழுதி வைக்காதீர்கள். முடியும் மாதமும் வருடமும் மட்டும்.)

சரி, என் இப்போதைய நிலை இது: நன்றி அழைப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டாம், நின்றுபோனவர்களைக் கூப்பிட நேரம் ஒதுக்குங்கள்.

பிப்ரவரி 8

பிள்ளைகளின் படத்தைக் கடிதத்தில் போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

ஒரு பிள்ளையின் முகமும் கதையும் போட்டால் பணம் கூடுதலாக வரும் என்பது உண்மைதான். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பஞ்சத்தைப் பற்றிய புள்ளிவிவரம் படித்தவர்களைவிட ஒரே ஒரு சிறுமியின் கதை படித்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை திரும்பக் குறைந்துவிட்டது. எண்கள் வந்ததும் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது போலும்.

இதைப் படித்துவிட்டுத்தான் நாங்களும் ஒரு வருடம் அப்படிச் செய்தோம். ஒரு சிறுமி, அவள் வீட்டுக் கஷ்டம், இங்கே வந்து படிக்க ஆரம்பித்தது. அவள் அம்மாவிடம் கேட்டோம், சரி என்றார். கையெழுத்தும் வாங்கினோம். கடிதம் நன்றாகப் போனது, பணமும் வந்தது. நான்கு மாதம் கழித்து அந்த அம்மா வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. அந்தக் கடிதம் எப்படியோ மகளுடைய வகுப்புத் தோழியின் வீட்டுக்குப் போயிருக்கிறது. “நீங்கள் கேட்டபோது வேண்டாமென்று எப்படிச் சொல்வேன், பிள்ளை இங்கேதானே படிக்கிறாள்” என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் வாங்கிய கையெழுத்துக்கு அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மதிப்பே இல்லை. உதவி பெறுகிறவரிடம் உதவி செய்கிறவர் கேட்டால் அது கேள்வியே அல்ல. அதன் பிறகு முகமும் இல்லை, வீட்டுக் கதையும் இல்லை. பணம் குறைந்தாலும் பரவாயில்லை என்றுதான் முடிவெடுத்தோம், இன்றும் அதுதான் முடிவு.

பிப்ரவரி 9

“அப்படியானால் கடிதத்தில் எதைத்தான் எழுதுவது” என்று உடனே கேட்டுவிட்டீர்கள். ஒரு பொருளை எழுதுங்கள்.

நாங்கள் அந்தக் கிழிந்த அகராதியை எழுதினோம். பக்கங்களை மூடி வைத்து ஓரத்தைப் பார்த்தால் எந்த எழுத்தில் பிள்ளைகள் அதிகம் தேடியிருக்கிறார்கள் என்று தெரியும், அந்த இடத்தில் விளிம்பு கறுத்திருக்கும். எங்கள் அகராதியில் ‘க’வும் ‘ப’வும் கறுத்திருந்தன, ‘ஔ’ புதுசு போல வெள்ளையாக இருந்தது. பென்சிலில் அடிக்கோடிட்ட சொற்கள், யாரோ ஒட்டிய நூல், முனை மடித்த தாள். முக்கால் பக்கக் கடிதம், கறுத்த விளிம்பின் ஒரு புகைப்படம். எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை. படித்தவர்கள் அறையையே பார்த்தது போல எழுதினார்கள்.

மேசை விளக்கை எழுதலாம், வருகைப் பதிவேட்டை எழுதலாம், பென்சில் சீவும் மிஷினை எழுதலாம். உங்களுடையது பாடம் சொல்லித் தரும் இடம், கரும்பலகையின் ஒரு மாலையை எழுதுங்கள்: எத்தனை தடவை அழிக்கப்பட்டது, கடைசியில் அழியாமல் எது நின்றது. கொடுத்த காசு எங்கே போய் என்னவாயிற்று என்று படிப்பவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

பிப்ரவரி 15

கெட்ட செய்தியைச் சொல்லலாமா? சொல்லியே ஆக வேண்டும்.

நடமாடும் புத்தகப் பெட்டி என்று ஒரு திட்டத்துக்குத் தனியாகப் பணம் கேட்டு வாங்கினோம். ஏழு மாதத்தில் நின்றுவிட்டது. பெட்டி கனம், தூக்க ஆள் இல்லை, போன புத்தகங்களில் மூன்றில் ஒரு பங்கு திரும்பவில்லை. மீதிப் பணம் கையில் இருக்கிறது. பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்ற யோசனை கூட்டத்தில் வந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, சங்கடத்தில் சொன்னது. நாங்கள் அந்தத் திட்டத்துக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதினோம்: இவ்வளவு செலவாயிற்று, இவ்வளவு மிச்சம், ஏன் நின்றது, மிச்சத்தைத் திருப்பித் தரவா, வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளவா? இரண்டு பேர் திருப்பிக் கேட்டார்கள், அன்றே அனுப்பிவிட்டோம். மற்றவர்கள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். திருப்பிக் கேட்டவர்களில் ஒருவர் மறு வருடம் திரும்ப வந்தார், மற்றவர் வரவில்லை.

அமெரிக்காவில் நிதி திரட்டுவோரின் சங்கங்கள் சில சேர்ந்து 1993-இல் ‘நன்கொடையாளர் உரிமைகள்’ என்று பத்து உரிமைகளை வகுத்தன. கொடுத்த நோக்கத்துக்கே பணம் செலவாகும் என்ற உறுதி, கேட்ட கேள்விக்கு ஒளிவு மறைவில்லாத உடனடி பதில், பிறரோடு பகிரப்படும் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பத்தில் ஒன்றுக்குக்கூட பணச் செலவு கிடையாது. எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேரும் தன்னார்வலருக்கு அதைத் தமிழாக்கிப் படிக்கக் கொடுக்கிறோம்.

பிப்ரவரி 16

வாட்ஸப் பற்றிக் கேட்டவருக்கு: குழு ஆரம்பிக்காதீர்கள். குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், ஒருவர் காலை வணக்கம் போட ஆரம்பித்தால் மற்றவர் வெளியேறுவார். பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், இது பலருக்குத் தெரிவதில்லை. முதல் பேச்சிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். மின்னஞ்சல் என்றால் எல்லா முகவரியையும் பிசிசி-யில் (Bcc) போடுங்கள், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

பிப்ரவரி 27

நன்கொடையாளர் பெயரை வெளியிடுவது பழைய பாணி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழையதுதான், ஆனால் சக்தியுள்ள பழையது. 1885-இல் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லாமல் வேலை நின்றபோது, ஜோசப் புலிட்சர் தன் ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் மக்களிடம் கேட்டார். எவ்வளவு சின்னத் தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிடுவேன் என்றார். ஐந்தே மாதத்தில் 1,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம், பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. ஒரு நாணயம் அனுப்பிய பிள்ளையின் பெயரும் பெரிய மனிதர் பெயரும் ஒரே தாளில் வந்தன.

பெயர் போடும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள். எங்களிடம் பத்தில் நான்கு பேர் வேண்டாம் என்கிறார்கள். போட்டால் தொகை வாரியாகப் போடாமல் அகர வரிசையில் போடுங்கள்.

தொகை என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்களில் யாராவது ஒருவர் பெரிதாகக் கொடுக்க முன்வந்தால், “மற்றவர்கள் கொடுப்பதற்கு ஈடாக நானும் கொடுக்கிறேன்” என்று அவரைச் சொல்ல வையுங்கள். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரும் 50,000 பேருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்து 2007-இல் வெளியிட்டது இது: ஈடு தருகிறோம் என்று சொன்னபோது ஒரு கடிதத்துக்குக் கிடைத்த வரவு 19 சதவீதம் கூடியது. ஒன்றுக்கு மூன்று என்று ஆசை காட்டியபோது ஒன்றுக்கு ஒன்று என்பதைவிடக் கூடுதலாக எதுவும் வரவில்லை. ஆகவே ஒன்றுக்கு ஒன்றே போதும். அந்த வாக்குறுதி மட்டும் நிஜமாக இருக்க வேண்டும்.

மார்ச் 6

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டேன். பணம் நின்றுபோன 31 பேரில் 26 பேரோடு பேசியாயிற்று, நான்கு பேருக்குக் கார்டு முடிந்திருந்தது, ஆறு பேர் வேலை மாறியதால் இப்போது முடியாது என்றார்கள், இரண்டு பேர் ரசீதே வரவில்லை என்று சொன்னார்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த இரண்டு ரசீதை இன்றே அனுப்புங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வேலை மாறிய ஆறு பேர் பக்கத்தில் ‘பணம் கேட்க வேண்டாம், அகராதிக் கடிதம் போல எதுவும் எழுதினால் அனுப்பவும்’ என்று குறித்து வையுங்கள். அவர்கள் போய்விடவில்லை, கை நெருக்கடியில் இருக்கிறார்கள்.

ஒருவர் “இனி கூப்பிடாதீர்கள்” என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அவர் பக்கத்தில் என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். தேதி, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அதன் கீழே ஒரு கோடு. மன்னிப்பும் விளக்கமும் எதுவும் அனுப்ப வேண்டாம். பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். கிழித்தால் அடுத்த வருடம் புதிய தன்னார்வலர் ஒருவர் பழைய ரசீதைப் பார்த்து அவரை மறுபடி கூப்பிட்டுவிடுவார்.

நாளை நான் டீச்சரைக் கூப்பிட வேண்டும். புது அகராதி வந்திருக்கிறது, சிவப்பு மையில் எழுதிய வரி இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு முன்னால் கூப்பிட வேண்டும் என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.